பால்வெட்டுக்காரரின் வலது கை: பக்கவாதத்தில் இரத்தக் குறிகாட்டிகள் சொன்னதும் சொல்லாததும்

கீரிப்பாறைக்கு அருகே ஒரு தனியார் தோட்டத்தில் நிற்கும் ரப்பர் மரத்தின் பட்டையில்தான் இந்த நோயின் முதல் அறிகுறி பதிவாகியிருந்தது. இடது மேலிருந்து வலது கீழாக, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் சீராக வந்த வெட்டு பாதிவழியில் தடுமாறிக் கீழே இறங்கி, பட்டையையும் தாண்டி, மரத்தின் வெள்ளை தெரியும்வரை பாய்ந்து நின்றிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டிய கை அப்படி வெட்டாது. உடன் வேலை செய்தவர் மறுநாள் அதைக் கைபேசியில் படம் எடுத்து வந்து காட்டினார். பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களைவிட அந்தப் படமே என் மனத்தில் தங்கியிருக்கிறது.

நோயாளிக்கு 58 வயது. உயர் இரத்த அழுத்தத்துக்கு எப்போதோ மாத்திரை தொடங்கி, எட்டு மாதமாக நிறுத்தி வைத்திருந்தார். சர்க்கரை இருந்தது அவருக்கே தெரியாது. புகைப்பழக்கம் இல்லை, வெற்றிலை உண்டு. இந்த ஆய்வை எழுத அவரும் குடும்பத்தாரும் சம்மதம் தந்திருக்கிறார்கள். அடையாளம் காட்டக்கூடிய சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

அரிதான நோய் என்பதற்காக இதை எழுதவில்லை. இரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்தை நாகர்கோவிலில் நாங்கள் வாரந்தோறும் பார்க்கிறோம். ஆனால் சமீப ஆண்டுகளில் ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. ஆய்வக அறிக்கை மருத்துவர் மேசைக்கு வரும் முன்பே வெளிநாட்டில் இருக்கும் மகனின் கைபேசிக்குப் போய்விடுகிறது. அதில் சிவப்பு எழுத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்து, அப்பாவின் கை திரும்புமா திரும்பாதா என்று குடும்பம் முடிவு கட்டிவிடுகிறது. இரத்த எண்களை நான் மதிக்கிறேன். இந்த நோயாளியின் உயிரை இரண்டு இடங்களில் அவை காத்தன என்றே நம்புகிறேன். ஆனால் அவை சொல்வது, இன்று நாம் எதைத் தேட வேண்டும் என்பதை. கை திரும்புமா என்ற கேள்விக்கு அவற்றிடம் போவது தவறான வாசலைத் தட்டுவது.

அன்று காலை

ரப்பர் பால் விடியலுக்கு முன்தான் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் மரத்துக்குள் நீரழுத்தம் குறைந்து பால் சுண்டிவிடும். ஆகவே வழக்கம்போல 4.30 மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு சரிவில் ஏறியிருக்கிறார். 5.22-க்கு மனைவி கைபேசியில் அழைத்துப் பேத்திக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறார். இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான பேச்சு, குளறல் இல்லை. 6.05-க்கு, கீழ்வரிசையில் வெட்டிக்கொண்டிருந்தவர், மேலே ஒரு விளக்கு அசையாமல் ஒரே இடத்தில் நிற்பதைக் கவனித்து ஏறிப் போயிருக்கிறார். மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். வாய் ஒருபுறம் கோணியிருக்கிறது, வலது கை தொங்குகிறது, கேட்டதற்குப் பதில் வரவில்லை.

இந்த நோயில் ஆளைக் கண்டுபிடித்த நேரம் கணக்கில் வராது. கடைசியாக நன்றாக இருந்த நேரம்தான் கணக்கு. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு அதிலிருந்து நாலரை மணி நேரம். முதலில் மூன்று மணி நேரம் என்றிருந்ததை 2008-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு நாலரையாக நீட்டியது. பேச முடியாதவரிடம் நேரம் கேட்க முடியாது. மனைவியின் கைபேசியில் இருந்த அழைப்புப் பதிவு இல்லையென்றால், வீட்டை விட்டுக் கிளம்பிய 4 மணியை எடுத்திருப்போம். அதற்கான கெடு 8.30-இல் முடிந்திருக்கும். 5.22 என்பதால் 9.52 வரை வாசல் திறந்திருந்தது.

ஜீப்பில் ஏற்றியவர்கள் வழியில் ஒரு சிறு மருத்துவமனையில் நிறுத்தினார்கள். இரத்த அழுத்தம் 200/110 என்று பார்த்து, நாவுக்கடியில் ஒரு மாத்திரை வைத்து, அரை மணி நேரம் படுக்க வைத்திருக்கிறார்கள். அந்த அரை மணி நேரம் எனக்கு இன்றும் உறுத்துகிறது. அடைப்புக்கு அப்பால் பட்டினி கிடக்கும் மூளைத்திசுவுக்கு அந்த உயர்ந்த அழுத்தம்தான் மிஞ்சியிருக்கும் துணை. அதைச் சட்டென்று இறக்குவது, வாடும் வயலின் கடைசி மடையையும் அடைப்பதற்குச் சமம். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனாலும் செய்யக் கூடாதது. முகம் கோணி, கை தொங்கி, பேச்சு குழறினால் ஸ்கேன் உள்ள இடத்துக்கு நேரே போக வேண்டும்.

அனுமதியின்போது

எங்களிடம் வந்தது 7.50. இரத்த அழுத்தம் 172/96, துடிப்பு சீராக 88. பக்கவாதத்தின் கடுமையை அளக்கும் என்.ஐ.எச்.எஸ்.எஸ். மதிப்பெண் 42-க்கு 13. வலது கை முழுத் தளர்ச்சி, கால் ஓரளவு, முகம் கோணல். சொல்வது புரிகிறது, சொல்லத்தான் முடியவில்லை. சி.டி. ஸ்கேனில் இரத்தக்கசிவு இல்லை. குழாய்ப் படத்தில் இடது நடுமூளைத் தமனியின் தொலைக்கிளை ஒன்று அறுந்தாற்போல் நின்றது. கம்பி விட்டு எடுக்கும் அளவுக்குப் பெரிய குழாய் அல்ல.

ஊசிக்கு முன் கட்டாயமாகப் பார்க்க வேண்டிய இரத்த எண் ஒன்றுதான்: சர்க்கரை. சர்க்கரை மிகத் தாழ்ந்தாலும் பக்கவாதம் போலவே தோற்றம் வரும் என்பதால். விரல்நுனியில் குத்திப் பார்த்தது 212. மற்ற மாதிரிகளை அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல், அடைப்பைக் கரைக்கும் மருந்தான ஆல்டெப்லேஸை 62 கிலோ எடைக்கு 55.8 மி.கி. என்று கணக்கிட்டு 8.29-க்குத் தொடங்கினோம். பத்தில் ஒரு பங்கு உடனே, மீதி ஒரு மணி நேரத்தில். இரத்தம் உறைதல் கோளாறோ அதற்கான மாத்திரையோ இருப்பதாகச் சந்தேகம் இல்லாதபோது, தட்டணு எண்ணிக்கைக்காக ஊசியை நிறுத்தி வைப்பது நஷ்டம். மறுநாள் காலை மதிப்பெண் 8 ஆக இறங்கியிருந்தது. கால் நன்றாகவே தூக்கினார். கை மட்டும் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

முதல் நாள் முடிவுகளில் இந்த ஆய்வுக்கு வேண்டியவை: உடலில் அழற்சி இருந்தால் ஏறும் புரதமான சி.ஆர்.பி. லிட்டருக்கு 9 மி.கி., வெள்ளணுக்களில் நியூட்ரோபில் 78 விழுக்காடு, லிம்போசைட் 14 விழுக்காடு. அதாவது நியூட்ரோபில் லிம்போசைட்டைப் போல 5.6 மடங்கு.

“பால்”

இரண்டாம் நாள் பேச்சு ஒரு சொல்லாகத் திரும்பியது. “பால்.” மனைவியைப் பார்த்து பால், ஜன்னலைப் பார்த்து பால், என்னைப் பார்த்தும் பால். பேச்சுப் பகுதி அடிபட்டவர்களுக்கு ஒரே சொல் இப்படித் திரும்பத் திரும்ப வருவது உண்டு. விழுங்கும் சோதனையில் அவர் தேறவில்லை. ஒரு கரண்டித் தண்ணீருக்கே இருமினார், குரல் ஈரமானது. வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது என்று கோப்பில் எழுதி, மூக்குவழிக் குழாய் போட்டோம்.

கோப்பில் எழுதினோம், கட்டில் தலைமாட்டில் எழுதி ஒட்டவில்லை. அன்று மாலை பார்வை நேரத்தில் வந்த அவருடைய அண்ணன் மனைவி, வேளிமலைப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர், ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்த பாலை அரை டம்ளர் கொடுத்திருக்கிறார். பிறகு அந்த அம்மா அழுதுகொண்டே சொன்னது இது: “கொழுந்தன் பால், பால் என்று கேட்டுக்கொண்டே இருந்தார், மக்களே. தொண்டை காய்ந்து கிடக்கிற மனிதருக்கு எப்படிக் கொடுக்காமல் இருக்க முடியும்?” அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்த அட்டையை ஒட்டாதது நாங்கள்.

நோயாளி கேட்டது அந்தப் பாலும் அல்ல. பேச்சு ஓரளவு வந்த பிறகு, மூன்றாம் வாரத்தில், மகளிடம் கையசைத்துப் புரிய வைத்தார். அன்று நூற்றுக்கு மேல் மரம் வெட்டியிருந்தார். அத்தனை சிரட்டையிலும் நிரம்பிய பாலை யார் எடுத்தார்கள் என்பதுதான் அவர் கேள்வி. யாரும் எடுக்கவில்லை, எல்லாம் உறைந்து ஒட்டுப்பாலாகிப் போயிருந்தது.

மூன்றாம் நாள் காலை சி.ஆர்.பி. 41. மூளைத்திசு அழிவால் வந்த உயர்வாக இருக்கும் என்று நான் நினைத்தேன். அது என் தவறு. இரவில் காய்ச்சல் 101.2 பாகை. நான்காம் நாள் காலை சி.ஆர்.பி. 138. நியூட்ரோபில் 88, லிம்போசைட் 7, விகிதம் 12-க்கு மேல். மார்புப் படத்தில் வலது நுரையீரலின் அடிப்பகுதியில் வெண்மை. புரையேறி வந்த நிமோனியா.

இங்கே சி.ஆர்.பி. என்ன செய்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில், நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில்தான் இந்தப் புரதம் முதலில் கண்டறியப்பட்டது. அதைச் செய்வது கல்லீரல். உடலில் எங்கே தீப்பிடித்தாலும் சில மணி நேரத்தில் உற்பத்தி ஏறும். இரண்டு நாளில் உச்சம் தொடும். எங்கே தீ என்று அதற்குத் தெரியாது, எவ்வளவு புகை என்று மட்டுமே தெரியும். மூளையில் ஒரு பகுதி அழிந்தாலும் ஏறும், நெஞ்சில் சளி கட்டினாலும் ஏறும், சிறுநீர்க்குழாய் வழியாகத் தொற்று வந்தாலும் ஏறும். ஆனால் பக்கவாதம் மட்டும் தரும் உயர்வு பெரும்பாலும் அடக்கமானது. இரண்டே நாளில் 9-லிருந்து 41, அதிலிருந்து 138 என்றால் அது மூளையின் கணக்கல்ல. தனி எண்ணைவிட ஏறும் வேகத்தைப் பார்த்திருந்தால் மூன்றாம் நாள் காலையிலேயே நெஞ்சில் காதுவைத்திருப்பேன்.

பக்கவாதத்துக்குப் பின் உடல் அழற்சியில் எரிந்துகொண்டிருக்கும்போதே நோய் எதிர்ப்பு தளர்ந்தும் போகிறது. அடிபட்ட மூளையிலிருந்து உடலை அவசர நிலைக்குத் தூண்டும் பரிவு நரம்புகள் வழியாகவும் கார்டிசால் வழியாகவும் போகும் செய்தி லிம்போசைட்டுகளைக் குறைத்துவிடும். அந்த விகிதம் ஏறுவதன் பாதிக்கதை மேலே உள்ள எண் கூடியது அல்ல, கீழே உள்ள எண் சரிந்தது. அப்படியானால் எல்லோருக்கும் முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் நடந்து 2015-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் அதைத்தான் சோதித்தன. நோயாளிகளின் இறுதி நிலையில் முன்னேற்றம் எதுவும் இல்லை. தொற்று வந்த பிறகு சீக்கிரம் பிடிப்பதுதான் வேலை. நாங்கள் ஊசிவழி ஆன்டிபயாட்டிக் தொடங்கினோம். சி.ஆர்.பி. ஆறாம் நாள் 61, ஒன்பதாம் நாள் 17. கல்லீரல் உற்பத்தியை நிறுத்தினால் இந்தப் புரதம் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஆகவே மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இதைப் போன்ற நேர்மையான எண் குறைவு.

மஸ்கட்டிலிருந்து வந்த கேள்வி

நான்காம் நாள் மாலை மகன் அழைத்தார். “சார், சி.ஆர்.பி. 138 என்று சிவப்பில் வந்திருக்கிறது. அது இவ்வளவு இருந்தால் ஆள் தேற மாட்டார், கை வராது என்று படித்தேன். நான் உடனே கிளம்பி வரவா? மறைக்காமல் சொல்லுங்கள்.” விடுப்புக்கு முதலாளியிடம் கையெழுத்து வாங்க வேண்டியவரின் குரல் அது. குமரியில் பாதி வீடுகளின் குரலும் அதுதான்.

அவர் படித்தது பொய்யல்ல. சி.ஆர்.பி. உயர்ந்திருந்தவர்கள் ஒரு கூட்டமாகப் பார்த்தால் மூன்று மாதத்தில் மோசமான நிலையில் இருந்தார்கள் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நியூட்ரோபில் விகிதத்துக்கும் அப்படியே. ஆனால் பெரிய அடைப்பு வந்தவருக்கு இந்த எண்களும் பெரிதாகும்; முதியவருக்குப் பெரிதாகும்; நிமோனியா வந்தவருக்குப் பெரிதாகும். வயதையும் முதல்நாள் கடுமையையும் கணக்கில் எடுத்துவிட்டால், இந்த எண் புதிதாகச் சேர்ப்பது மிகக் கொஞ்சம். அவரிடம் இப்படிச் சொன்னேன்: “தென்மேற்குக் காற்று வலுத்தால் குளச்சலில் மீன்வரத்து குறையும் என்பது சரிதான். அதை வைத்து, நாளை உங்கள் மாமா வள்ளத்தில் என்ன ஏறும் என்று சொல்ல முடியுமா? இந்த எண் அப்பாவின் கையைப் பற்றிப் பேசவில்லை. நெஞ்சைப் பற்றிப் பேசுகிறது. நெஞ்சுக்கு மருந்து போட்டிருக்கிறோம்.”

அடுத்து அவர் கேட்டது இன்னும் கூர்மையானது: அந்த எண்ணையே குறைக்க மருந்து இல்லையா? இருக்கிறது, முயன்றும் பார்த்திருக்கிறார்கள். 2024-இல் வெளியான சீன ஆய்வு ஒன்றில், சி.ஆர்.பி. 2 அல்லது அதற்கு மேல் இருந்த 8,343 பக்கவாத நோயாளிகளில் ஒரு பாதிக்கு அழற்சியைத் தணிக்கும் கோல்சிசின் கொடுத்தார்கள். அடுத்த மூன்று மாதத்தில் மீண்டும் பக்கவாதம் வந்தவர்கள் மருந்துக் குழுவில் 6.3 விழுக்காடு, மற்றதில் 6.5. வேறுபாடு இல்லை என்றே பொருள். அதற்கும் முன்பு, வெள்ளணுக்கள் குழாய்ச்சுவரில் ஒட்டாமல் தடுக்கும் எனலிமொமாப் என்ற மருந்தைச் சோதித்தபோது, 2001-இல் வந்த முடிவு இன்னும் கசப்பானது: மருந்து பெற்றவர்கள் மேலும் மோசமானார்கள். புகை குறைந்தால் தீ அணைந்ததாக ஆகாது. தீயணைக்க வந்தவர்களையும் சேர்த்து விரட்டிவிடும் ஆபத்தும் உண்டு, ஏனென்றால் அழிந்த திசுவை அள்ளிச் சுத்தம் செய்வதும் இதே அழற்சிதான்.

மூளையின் இழப்பை நேரடியாகச் சொல்லக்கூடிய எண் ஒன்று உண்டென்றால் அது நரம்பிழைப் புரதம், நியூரோஃபிலமென்ட் லைட் செயின். நரம்பின் நீண்ட இழை அறும்போது அதன் உள்ளிருக்கும் சட்டத்துண்டுகள் இரத்தத்தில் கசியும். பல நாட்கள் மெல்ல ஏறி, வாரக்கணக்கில் உயர்ந்தே நிற்கும். ஆராய்ச்சியில் அதற்குப் பெரிய இடம் இருக்கிறது. நம் மாவட்டத்தில் அன்றாடப் பரிசோதனையாக அது இல்லை. இருந்திருந்தாலும் இந்த நோயாளிக்கு அன்று செய்த எதையும் அது மாற்றியிருக்காது.

இதயத்தைக் காட்டிய எண்

இரண்டு முடிவுகள் எனக்கு உறக்கம் தரவில்லை. என்.டி. புரோ பி.என்.பி. மில்லிலிட்டருக்கு 1,480 பிகோகிராம். டி-டைமர் வழக்கமான எல்லையைப் போல நான்கு மடங்கு. முதலாவது, இதய அறைச்சுவர் இழுபடும்போது இதயத் தசையே சுரப்பது. இரண்டாவது, உறைந்த இரத்தக்கட்டி சிதையும்போது வரும் துண்டு. இரண்டும் சேர்ந்து உயர்ந்தால், கட்டி கழுத்துக் குழாயிலிருந்து வந்ததா இதயத்திலிருந்து வந்ததா என்ற கேள்வியில் இதயத்தின் பக்கம் சாய வேண்டும். ஆனால் இ.சி.ஜி. சீராக இருந்தது. முதல் 24 மணி நேர மானிட்டரிலும் ஒன்றும் இல்லை.

அப்போது எங்கள் குழுவிலேயே ஒருவர், எண் இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, உறைவுத்தடுப்பு மாத்திரையைத் தொடங்கிவிடலாமே என்றார். நான் மறுத்தேன். 2024-இல் வந்த ஆர்கேடியா ஆய்வு இதே கேள்வியைக் கேட்டது: காரணம் தெரியாத பக்கவாதத்தில், என்.டி. புரோ பி.என்.பி. 250-க்கு மேல் இருப்பது போன்ற இதய மேலறைக் கோளாற்றின் அடையாளங்களை வைத்து அபிக்சபான் என்ற உறைவுத்தடுப்பு மாத்திரை கொடுத்தால் ஆஸ்பிரினைவிடப் பயன் உண்டா? இரு குழுவிலும் ஆண்டுக்கு 4.4 விழுக்காட்டினருக்கு மறுபடியும் வந்தது. எண் தேடச் சொல்கிறது, கொடுக்கச் சொல்லவில்லை. ஆகவே தேடினோம். ஐந்தாம் நாள் தொடர்பதிவுக் கருவியை மாட்டினோம். அன்றிரவே 2.40-க்கு, அவர் உறங்கிக்கொண்டிருந்தபோது, பதினொரு நிமிடம் இதய மேலறை தாறுமாறாகத் துடித்துவிட்டுத் தானே அடங்கியது.

எக்கோவில் இடது மேலறை விரிந்திருந்தது. வால்வு நன்றாக இருந்தது. இதைப் பார்க்காமல் மாத்திரை எழுதக் கூடாது. நம் ஊரில் சிறுவயது ருமாட்டிக் காய்ச்சலால் மிட்ரல் வால்வு சுருங்கியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பழைய உறைவுத்தடுப்பு மருந்தான வார்ஃபரின்தான் சரி என்று 2022-இல் ஓர் ஆய்வு உறுதியாகக் காட்டியது. இவருக்கு மறு ஸ்கேனில் கசிவு இல்லை என்று பார்த்து, ஏழாம் நாள் அபிக்சபான் 5 மி.கி. இருவேளை தொடங்கினோம்.

மற்ற எண்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. 8.1 விழுக்காடு; ஆகவே 212 என்பது அதிர்ச்சியால் மட்டும் ஏறியதல்ல, பழைய சர்க்கரைநோய். அதை வார்டில் மிக இறுக்கிப் பிடிப்பதால் பயன் இல்லை என்று 2019-இல் தெரிந்துவிட்டது. 180-க்குக் கீழே வைத்தோம். கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 142; அதைக் குறைக்க அடார்வாஸ்டாடின். எட்டாம் நாள் அல்புமின் 3.0. இதைப் பார்த்துப் புரதப் பொடி டப்பாக்கள் வாங்கி வந்துவிட்டார்கள். அழற்சிக் காலத்தில் கல்லீரல் சி.ஆர்.பி. செய்யும் அவசரத்தில் அல்புமினைக் குறைத்துவிடும். அது பட்டினியின் எண் மட்டுமல்ல. டப்பாவின் விலைக்கு ஒரு மாதம் முட்டையும் சாளையும் வாங்கலாம் என்று சொன்னேன். வெளியே ஓர் ஆய்வகத்தில் எடுத்த தொகுப்புப் பரிசோதனையில், இரத்தக்குழாய் நோயோடு தொடர்புபடுத்தப்படும் ஹோமோசிஸ்டீனும் சற்று உயர்ந்திருந்தது. வைட்டமின்கள் அந்த எண்ணை இறக்கும். மறு பக்கவாதத்தைக் குறைக்கவில்லை என்று 2004-இலேயே ஒரு பெரிய ஆய்வு காட்டிவிட்டது. பால்வெட்டுக் கூலியில் வாழும் குடும்பம் அந்தத் தொகுப்புக்குக் கொடுத்த பணம் எனக்கு வலித்தது.

விரல்கள்

கை திரும்புமா என்ற கேள்விக்கு விடை கையில்தான் இருந்தது. மூன்றாம் நாள் மதியம், காய்ச்சல் வருவதற்கு முன், இயன்முறை மருத்துவர் அவருடைய வலது கையைத் தலையணைமேல் வைத்து, மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு, விரல்களை நீட்டச் சொன்னார். நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. பிறகு நடுவிரலும் மோதிரவிரலும் படுக்கை விரிப்பின்மேல் ஊர்வதுபோல் நகர்ந்தன. இன்னொரு முறை, அதே நகர்வு. தோளைப் பக்கவாட்டில் புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்கினார், தாங்கி நிறுத்தத்தான் முடியவில்லை. தசை வலிமைக்கு ஐந்துக்குத் தரும் மதிப்பெண்ணில் தோளுக்கு 3, விரலுக்கு 2, கூட்டினால் 5. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் உருவாக்கிய கணிப்புமுறையில், மூன்று நாளுக்குள் இந்தக் கூட்டுத்தொகை 5-ஐத் தொட்டு வயது 80-க்குள் இருந்தால், மூன்று மாதத்தில் கை மிக நன்றாகத் திரும்ப வாய்ப்பு அதிகம். நெதர்லாந்தில் 2010-இல் வெளியான ஆய்விலும், 72 மணி நேரத்துக்குள் விரல் நீட்டலும் தோள் விலக்கலும் சிறிதாவது இருந்தவர்களில் 98 விழுக்காட்டினருக்கு ஆறு மாதத்தில் கையின் நுண்வேலை ஓரளவாவது திரும்பியது. இரண்டும் இல்லாதவர்களில் 25 விழுக்காட்டினருக்கு.

பைசா செலவில்லாத சோதனை. மகனிடம் பேசிய அன்று நான் நம்பிக்கையோடு பேசியது இதை வைத்துத்தான். மகள் அந்த விரல் அசைவைக் கைபேசியில் பிடித்து அண்ணனுக்கு அனுப்பினாள். அவர் அதற்குப் பிறகு ஆய்வக அறிக்கை அனுப்பச் சொல்லிக் கேட்கவே இல்லை.

பயிற்சியைப் பற்றி. முதல் 24 மணி நேரத்திலேயே அடிக்கடி எழுப்பி நடக்கவைப்பது நல்லது என்று ஒரு காலத்தில் நினைத்தோம். 2,104 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு அதைத் தவறென்று காட்டியது. சிறிது சிறிதாகத் தொடங்கினோம். பதினான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது மதிப்பெண் 5, நடந்தே போனார். நம் நாட்டில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளை வைத்து நடந்து 2017-இல் வெளியான ஆய்வு, வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்து அவர்களையே பயிற்சி செய்யவைத்தால் கூடுதல் பலன் கிடைக்கிறதா என்று பார்த்தது, கிடைக்கவில்லை. இதை நான் மனைவிமார் பக்கம் நின்றே படிக்கிறேன். “வீட்டில் கைப்பயிற்சி செய்யுங்கள்” என்று ஒரு தாளைக் கொடுத்து முழுச்சுமையையும் அவர்கள் தோளில் ஏற்றுவது சிகிச்சை ஆகாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். தடிக்காரன்கோணம் தாண்டி உள்ளே இருக்கும் அந்த வீட்டுக்கும் வந்தார்.

அவருடைய மனைவி செய்த ஒரு காரியம் எந்தப் பாடநூலிலும் இல்லை. குலை வெட்டிய ஒரு வாழைத்தடியை முற்றத்துத் தூணில் நிமிர்த்திக் கட்டினார். அதன்மேல் கரித்துண்டால் இடது மேலிருந்து வலது கீழாக ஒரு சரிவுக்கோடு இழுத்தார். முதலில் கூர் இல்லாத மரக்கத்தி. கோட்டின்மேல் வழுக்கிக்கொண்டு போனால் போதும். பிறகு தேய்ந்த பழைய கத்தி. பந்தை நசுக்கச் சொன்னபோது பத்து நிமிடத்தில் களைத்தவர், வாழைத்தடி முன்னால் ஒரு மணி நேரம் நின்றார். தோளை நிறுத்தி, மணிக்கட்டை மட்டும் உருட்டி, மரத்தைச் சுற்றிக் கால் நகர்த்தும் அந்த ஓட்டம் முப்பது ஆண்டு பழக்கம். மூளையில் ஒரு வழி அடைபட்டாலும் மற்ற வழிகளில் அதன் தடம் இருக்கத்தான் செய்யும்.

இரண்டாம் மாதம் வர்ம ஆசானிடம் காட்டலாமா என்று கேட்டார்கள். இது அடிமுறையும் வர்மமும் வாழும் மண். வேண்டாம் என்று ஒரே சொல்லில் மறுத்தால் எனக்குச் சொல்லாமல் போவார்கள். தைலம் மெதுவாகத் தேய்த்துக்கொள்ளலாம், தளர்ந்த தோளை யாரும் பிடித்து இழுக்கக் கூடாது, உறைவுத்தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஆழமாக அழுத்தினால் உள்ளே இரத்தம் கட்டும், எந்தக் கஷாயத்துக்காகவும் அந்த மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது என்று சொன்னேன். ஆசான் மாத்திரைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத் தைலத்தோடு நிறுத்திக்கொண்டார்.

மூன்று மாதத்தில் மதிப்பெண் 2. பக்கவாதத்துக்குப் பின் மிஞ்சும் இயலாமையை அளக்கும் ரேங்கின் அளவுகோலில் 2. அதாவது தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வார், பழைய வேலை மட்டும் முழுதாக முடியாது. பேச்சில் சொல் தேடும் தயக்கம் இருந்தது. எல்.டி.எல். 66, சராசரிச் சர்க்கரை 6.8. சி.ஆர்.பி. எடுக்கவில்லை, எடுக்க ஒரு காரணமும் இல்லை.

ஐந்தாம் மாத இறுதியில் வந்தபோது சட்டைப்பையிலிருந்து மடித்த செய்தித்தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். உள்ளே இரண்டு பட்டைச் சீவல்கள். ஒன்று, முந்தின மாதம் முதல்முறை நிஜ மரத்தில் வெட்டியது: ஒரு முனை தடிமன், ஒரு முனை தாள்போல், நடுவில் இரண்டு இடத்தில் அறுந்தது. மற்றது அன்று காலை வெட்டியது: ஒரே நீளம், ஒரே தடிமன், சுருள் கலையாமல். இப்போது தனியாக மலையேறுவதில்லை; தோழரோடு போய், சமதளத்தில் உள்ள 60 மரம் மட்டும் வெட்டுகிறார். கையில் கத்தி பட்டால் எத்தனை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று மனைவிக்குத் தெரியும்.

“அந்த மரம் என்ன ஆயிற்று?” என்று கேட்டேன்.

சொல்லைத் தேடினார். “முடிச்சு விழுந்திருக்கிறது,” என்றார். “அதற்கு மேலே வெட்டவில்லை. மறுபக்கம் புதுப்பட்டையில் வெட்டுகிறேன்.”